காற்றுக்குக் காது கொடுத்தல்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளிலும், இடுக்கி மலைமேல் மூணாறு, மறையூர்ப் பக்கத்து வீடுகளிலும் பரணைத் துழாவினால் இன்றும் சில வால்வு ரேடியோக்கள் அகப்படும். மர்பி, பிலிப்ஸ், புஷ், எச்.எம்.வி., நேஷனல் எக்கோ என்று நெற்றியில் பெயர் தாங்கிய பெட்டிகள் அவை. வாங்கியவர் இன்று இல்லை. முன்னால் உட்கார்ந்து கேட்டவர்களிலும் பலர் இல்லை. எறிய மனம் வராமல், கீழே வைக்க இடமும் இல்லாமல் மேலே ஏற்றப்பட்ட பெட்டியை அந்த வீட்டின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளை ஒருநாள் இறக்குகிறது. தூசி தட்டி, பின்பலகையைக் கழற்றி, உள்ளே பார்க்கிறது. சிலருக்கு வாழ்நாள் ஈடுபாடாகவே வளர்ந்துவிடும் ஒரு பழக்கம் அங்கே தொடங்குகிறது.

எதற்காக இந்த உழைப்பு என்று கேட்டால், மறுபடி இதைப் பாட வைக்க வேண்டும் என்பார்கள். இந்த விடையில் நம் எல்லோருடைய ஆசையும் இருக்கிறது. நின்றுபோன ஒரு குரலை இன்னொரு முறை கேட்க விரும்பாதவர் நம்மில் யார்? ஆயினும் அந்த விடைக்குள் நாம் கவனிக்காத ஒரு நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது: குரல் பெட்டிக்குள் இருக்கிறது, பழுது நீங்கினால் அது வெளியே வரும் என்ற நம்பிக்கை. ரேடியோவுக்குள் எந்தக் குரலும் எக்காலத்திலும் இருந்ததில்லை. அப்படியானால், பழுது பார்ப்பவர் உண்மையில் மீட்பது எதை?

விடை தேடுமுன், இந்த எல்லைப் பகுதிகளில் ரேடியோ கேட்பது எத்தகைய செயலாக இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அகில இந்திய வானொலி 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் ஒலிக்கத் தொடங்கியது. திருவனந்தபுரம் நிலையம் 1943-இல் திருவிதாங்கூர் அரசின் கீழ் பிறந்தது; கோழிக்கோடு நிலையம் 1950-இல் வந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழியே மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை கேரளத்தில் நிலைத்தன. தமிழ் புழங்கும் எத்தனையோ ஊர்களும் தோட்டத்து லயங்களும் ஒரு கோட்டுக்கு மேற்கே நின்றன. நிலத்தில் விழுந்த அந்தக் கோடு டயலில் விழவில்லை. திருச்சியும் திருவனந்தபுரமும் கொழும்பும் ஒரே கண்ணாடித் தட்டில் விரலளவு இடைவெளியில் இருந்தன. எதைக் கேட்பது என்பதைக் கேட்பவரின் கை தீர்மானித்தது.

அந்தக் கைக்கு எதுவும் எளிதில் கிட்டவில்லை. மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டியே பரவும். மலை மடிப்புகளில் தளர்ந்துபோகும். சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மலைக்கு மேலிருந்து இறங்கிவரும். இரண்டாம் உலகப் போரின் தேவையை ஒட்டிக் கொழும்புக்கு அருகே ஏக்கலவில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, பிறகு இலங்கை வானொலியின் கைக்கு வந்து அமைதிக்காலத்துப் பாடல்களைச் சுமந்தது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, பாட்டுக்கு ஏங்கிய காதுகள் கொழும்பின் பக்கம் திரும்பின. 1957-இல் விவித பாரதி பிறந்ததற்கு அந்தத் திரும்பலும் ஒரு காரணம். ஊருக்கெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஒரு வானொலி, ஊர் சொல்வதைத் தானும் கேட்க நேர்ந்தது.

கேட்பதற்கு விலையும் இருந்தது. கூரைக்கு மேல் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே ஏரியல் கட்ட வேண்டியிருந்தது. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி, பெயர் எழுதிய உரிமப் புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் மூணாறுக்கு அருகே பள்ளிவாசலில்தான் ஓடத் தொடங்கியது; ஆனாலும் மின்சாரம் பிறந்த மலையின் வீடுகள் எல்லாவற்றுக்கும் அது உடனே வந்து சேர்ந்துவிடவில்லை. மின்சாரம் எட்டாத இடங்களில் 90 வோல்ட் பேட்டரியில் ஓடும் வால்வு செட்டுகள் இருந்தன; பேட்டரி தீர்ந்துவிடுமே என்று மணி பார்த்துக் கேட்டார்கள். வால்வு சூடேறும் வரை காத்திருந்து, முள்ளை மயிரிழையாக நகர்த்தி, கரகரப்புக்குள்ளிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுத்தார்கள். முயன்று பெற்றதை அவர்கள் கவனமாகவே வைத்துக்கொண்டார்கள். இன்று எந்தக் குரலும் நொடியில் நம்மை வந்தடைகிறது. அடைந்ததெல்லாம் நம்மால் கேட்கப்படுகிறதா என்பது வேறு கேள்வி.

பெட்டியைத் திறந்த புதியவர் கற்கும் முதல் ஒழுக்கம், அதற்கு உடனே மின்சாரம் கொடுக்காதிருப்பது. ஆண்டுக்கணக்கில் உறங்கிய காகிதக் கன்டென்சர்கள் மலைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கியிருக்கும். எலக்ட்ரோலிடிக் கன்டென்சர்கள் உள்ளே வறண்டிருக்கும். முழு மின்னழுத்தம் ஒரே நொடியில் பாய்ந்தால், அதுவரை நல்ல நிலையில் இருந்த டிரான்ஸ்பார்மரும் வால்வும்கூட எரிந்துபோகலாம். ஆகவேதான் தேர்ந்தவர்கள் முதலில் கன்டென்சர்களைச் சோதிக்கிறார்கள். பிறகு நடுவே ஒரு சீரிஸ் லாம்பைப் போட்டு, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அனுப்புகிறார்கள். காலம் அழிக்காமல் விட்டுவைத்ததை அன்பின் அவசரம் அழித்துவிடக்கூடும். நெடுங்காலம் மௌனமாக இருந்த எதனிடமும், அது ஒரு மனிதராகவே இருந்தாலும், வந்தவுடன் பேசு என்று கேட்பது கொடுமை. மீட்பின் முதற்படி பொறுமை என்பதை நாம் வேதாந்த நூல்களில் படித்திருக்கலாம். அதன் முழுப் பொருளை இந்தப் பெட்டி தன் உடலால் உணர்த்துகிறது.

இரண்டாவது பாடம் எச்சரிக்கையாக வருகிறது. மின்சார வயரைப் பிடுங்கிய பிறகும், ஊமையாகக் கிடக்கும் செட்டின் கன்டென்சரில் இருநூறு முந்நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். அதை முறையாக வடித்த பிறகே கை உள்ளே போக வேண்டும். ஓசை இல்லை என்பதால் ஆற்றல் இல்லை என்று எண்ணிவிட்டவர்களுக்கு அது அதிர்ச்சியாகவே பாடம் சொல்லும். ஓய்ந்துவிட்டது என்று நாம் ஒதுக்கிவைத்த பழைய வருத்தங்களிலும், பேசப்படாமல் விட்ட குடும்பக் கதைகளிலும், ஓர் ஊர் தனக்குள் புதைத்துக்கொண்ட இழப்புகளிலும் இப்படி மின்னேற்றம் தேங்கி நிற்கிறது. கடந்த காலத்தைத் தொடுவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று பெரியவர்கள் கருதியதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

பிறகு, நடுவே நிற்கும் அந்தக் கண்ணாடிக் குழாய்கள். 1904-இல் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் முதல் வால்வைச் செய்தார். உள்ளே சூடேறிய ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, எதிரே உள்ள தகட்டை நோக்கி ஒரே திசையில் ஓடின. 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் அவற்றின் நடுவே மெல்லிய கம்பியாலான கிரிட் ஒன்றை நிறுத்தினார். காற்றிலிருந்து ஏரியலில் வந்து விழும் மின்னசைவு ஒரு வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் போகலாம்; அத்தனை மெலிந்த அசைவு கிரிட்டைத் தொட்டால், பின்னால் ஓடும் பெரிய ஓட்டம் அதற்கு இசைந்து ஏறி இறங்குகிறது. இவ்வளவும் நடப்பதற்கு உள்ளே காற்று இருக்கக் கூடாது. வெற்றிடம் கெட்ட வால்வு வெளியே எவ்வளவு பளபளத்தாலும் பயன்படாது. தன்னுள் இடம் விட்டுவைத்த ஒன்றுதான் வேறொன்றின் மெல்லிய வரவை உணர முடியும். தன்னால் நிரம்பி வழியும் மனம் எவ்வளவு அறிவுடையதாக இருந்தாலும் பிறர் சொல் அதற்குள் அசைவை உண்டாக்குவதில்லை.

எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918-இல் வகுத்த சூப்பர் ஹெட் முறையில்தான் நம் வீட்டு ரேடியோக்களில் பெரும்பாலானவை இயங்கின. எந்த ஊரிலிருந்து எந்த அலைவரிசையில் குரல் வந்தாலும், செட் அதைத் தனக்குள் மாறாத ஓர் அதிர்வெண்ணுக்கு, பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு, மாற்றிக்கொண்டு, அங்கே வைத்து வடிகட்டிப் பெருக்குகிறது. அந்த மாறாத அளவைக் காக்கும் சுருள்கள் சிறிய அலுமினியக் கூடுகளுக்குள் இருக்கின்றன. ஓசை வரவில்லை என்ற தவிப்பில் புதியவர்களின் திருப்புளி முதலில் நாடுவது அந்தக் கூடுகளைத்தான். விவரம் அறிந்தவர்கள் முதலில் தடுப்பதும் அதைத்தான். பழுது பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். அளவுகோலைத் திருகிவிட்டால், பழுது நீங்கிய பிறகும் செட் சரியாகக் கேட்காது. வாழ்வில் ஒன்று தவறிப்போகும்போது நாமும் எத்தனை முறை உள்ளிருக்கும் அளவுகோலையே மாற்றிவிடுகிறோம்! பல குரல்களையும் ஏற்கத் துணிபவருக்குத்தான் உள்ளே அசையாத ஓர் அளவு மிகுதியாகத் தேவைப்படுகிறது. அது இல்லாதவரின் திறந்த மனம் எல்லா ஓசையும் கலந்து ஒலிக்கும் இரைச்சலாகிவிடும்.

பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேசிஸின் அடியில் பழுதைத் தேடிப்போகும்போது, முன்பே வந்துபோன கைகளின் தடம் தெரியும். ஒரு ரெசிஸ்டருக்குப் பதிலாகச் சேர்த்துப் பற்றவைத்த இரண்டு, வேறு கம்பெனியின் வால்வு, அறுந்த டயல் கயிற்றுக்குப் பதில் கட்டிய மீன்பிடி நரம்பு. பெயர் தெரியாத ஓர் ஊர் மெக்கானிக் தன் காலத்தில் கிடைத்ததைக் கொண்டு இந்தச் செட்டை இன்னும் சில ஆண்டுகள் பேச வைத்திருக்கிறார். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கிய பிறகு உள்நாட்டு வால்வுகள் கிடைத்தன. இன்று அவற்றையும் பழைய இருப்பில்தான் தேட வேண்டும். இந்த நிலையில், எவ்வளவு பாகங்களை மாற்றினால் அது தாத்தாவின் ரேடியோவாக இல்லாமல் போய்விடும் என்ற ஐயம் எழுகிறது. சிலர் பழைய கன்டென்சரின் மெழுகை உருக்கி வெளியேற்றி, வெற்றுக் கூட்டுக்குள் புதியதை வைத்து மூடுகிறார்கள். வேறு சிலர், மாற்றியது மாற்றியதாகவே தெரியட்டும் என்று விடுகிறார்கள். இரண்டிலும் மரியாதை இருக்கிறது: முன்னது செய்தவரின் கைக்கு, பின்னது நடந்த உண்மைக்கு.

நம் கோயில்கள் இந்த ஐயத்துக்கு நெடுங்காலம் முன்பே விடை கண்டிருக்கின்றன. திருப்பணி தொடங்குமுன் தெய்வ சாந்நித்தியத்தைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, சிதைந்த கல்லை மாற்றி, விரிசல் கண்ட சுதையைப் புதிதாகப் பூசி, குடமுழுக்குக்குப் பின் மீண்டும் கருவறையில் வழிபடுகிறோம். கல் மாறியதால் இது வேறு கோயில் என்று எந்த அடியாரும் சொல்வதில்லை. எதற்காக அது எழுந்ததோ அந்தச் செயல் அங்கே தொடரும் வரை அது அதே கோயில்தான். ரேடியோ எழுந்தது கேட்பதற்காக. ஆகவே அதன் அடையாளம் மெழுகிலும் காகிதத்திலும் தங்கியிருக்கவில்லை. கேட்கும் செயலில் தங்கியிருக்கிறது. நாம் தேடும் விடையின் முதல் கீற்று இங்கே தென்படுகிறது.

பாலக்காட்டு மண் இதை இன்னும் நுட்பமாகச் சொல்லித்தந்திருக்கிறது. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரும் (1896–1974) மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரும் (1912–1981) இந்தக் கணவாயின் காற்றில் வளர்ந்தவர்கள். அவர்களில் மணி ஐயர், கச்சேரி மேடையில் மைக் வேண்டாம் என்று ஒரு காலத்தில் உறுதியாக நின்றவர். மிருதங்கத்தின் நுண்ணிய நாதத்தை ஒலிபெருக்கி கெடுக்கிறது என்பது அவர் கொண்ட கருத்து. ஒலியைப் பெருக்குவதே தொழிலாகக் கொண்ட ஒரு கருவியைப் பேணுபவர்கள் அந்த மறுப்பைத் தங்களுக்கு எதிரானதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஓசையின் அளவு கூடுவதும் கேட்டல் ஆழமாவதும் ஒன்றில்லை என்பதையே அவர் வலியுறுத்தினார். நல்ல வால்வு செட்டும் அதையே ஒப்புக்கொள்கிறது. நிலையம் சரியாகப் பொருந்துகிறதா என்று காட்டும் பச்சைக் கண் குரலின் உரப்பைக் காட்டுவதில்லை. பொருத்தத்தை மட்டுமே காட்டுகிறது.

இனி, எல்லாம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வால்வுகள் செம்மையாக ஒளிர்கின்றன, ஸ்பீக்கர் உயிர்பெறுகிறது, முள் நகர்கிறது. கண்ணாடியில் லண்டன் என்று எழுதியிருக்கிறது. 1941-இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் வானொலிச் சேவை, தமிழோசை, 2017 ஏப்ரல் 30 அன்று தன் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. மாஸ்கோ என்று எழுதிய இடத்தில் அன்றைய தமிழ்க் குரல் இல்லை. மலையைத் தாண்டிவந்த கொழும்புச் சிற்றலையின் பொற்காலமும் முடிந்துவிட்டது. மிஞ்சியிருக்கும் மத்திய அலை நிலையங்களையும் அருகிலுள்ள எல்.இ.டி. விளக்கும் மொபைல் சார்ஜரும் எழுப்பும் இரைச்சல் மூடப் பார்க்கிறது. எந்தக் குரலுக்காக இத்தனை உழைப்போ, அந்தக் குரல் பெரும்பாலும் காற்றிலேயே இல்லை. பலர் இங்கே சோர்ந்துபோகிறார்கள். சிலர் செட்டுக்குள் புளூடூத் கருவியைப் பொருத்தி, பழைய பாடலை அதன் வழியே ஓடவிட்டு ஆறுதல் கொள்கிறார்கள். அந்த ஆறுதலை நாம் பழிக்க வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் நின்று சற்று யோசித்தால், தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை தானே திறந்துகொள்கிறது.

பழுது பார்த்தவர் குரலை மீட்கவில்லை, மீட்டிருக்கவும் முடியாது. குரல் எப்போதும் வேறிடத்தில் பிறந்தது, வேறொருவருக்குச் சொந்தமானது, அவர் பேசினால் மட்டுமே இருந்தது. பழுது பார்த்தவர் மீட்டது ஏற்கும் திறனை. ஈரம் ஊறிய, வறண்ட, கசிந்த, அறுபட்ட ஓர் உடலை, மறுபடி ஒரு மெல்லிய வரவை உணரும் நிலைக்குக் கொண்டுவந்தார். அதற்கான கைம்மாறாகப் பாட்டு கிடைத்தே தீர வேண்டும் என்ற உரிமை அவருக்கு இல்லை. கிடைத்தால் அது கொடை.

கடந்த காலத்தோடு நமக்குள்ள உறவு முழுவதையும் இந்த உண்மையின் வெளிச்சத்தில் பார்க்கலாம். இறந்தவர்களை நாம் பேச வைக்க முடியாது. மூணாற்றின் தேயிலைச் சரிவுகளுக்குத் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து, லயத்து வாழ்வில் தேய்ந்து, எழுதிவைக்க வாய்ப்பில்லாமல் மறைந்த தலைமுறையை நாம் திரும்ப அழைக்க முடியாது. அவர்கள் சொல்லாமல் விட்டதை நாமாகப் புனைந்து அவர்கள் வாயில் ஏற்றினால், அது மீட்பு என்ற பெயரில் நம் குரலையே நாம் கேட்டுக்கொள்வதாகும். நம்மால் இயன்றது, அவர்களிடமிருந்து எஞ்சி வரும் எந்த மெல்லிய அசைவையும் — ஒரு கடிதம், முதியவர் ஒருவரின் தடுமாறும் நினைவு, அண்டை வீட்டு மலையாளத்தில் கலந்துவிட்ட ஒரு தமிழ்ச் சொல் — திரிக்காமல் ஏற்கும் அளவுக்கு நம்மைச் செம்மை செய்துகொள்வதே.

திருவள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் சொல்லிமுடித்த கையோடு, கேள்விக்கு ஒரு தனி அதிகாரம் வகுத்தார். கற்றவருக்கும் கல்லாதவருக்கும் பொதுவாக எஞ்சியிருக்கும் கடமை கேட்டல் என்பதை அந்த வரிசையே உணர்த்துகிறது எனலாம். அந்தக் கடமைக்கு எதிரே இருப்பவர் பேசுவார் என்ற உறுதி முன்நிபந்தனையாக இல்லை. பெற்றோர் பிள்ளையின் மனம் திறக்கும் நாளுக்காகவும், ஆசிரியர் மாணவனின் முதல் ஐயத்துக்காகவும், ஒரு மாநிலம் தன் எல்லையோரச் சிறுபான்மையின் சொல்லுக்காகவும், ஒரு தலைமுறை தனக்கு முந்தியதன் மௌனம் கலைவதற்காகவும் ஆயத்தமாக இருக்க வேண்டியவர்களே. அந்த ஆயத்தம், சொல் வந்த பிறகு தேடிக்கொள்ளக் கூடியதன்று, வருவதற்கு முன்பே, வராமலும் போகலாம் என்று அறிந்தே, பாகம் பாகமாகச் செப்பனிட்டு வைத்துக்கொள்ள வேண்டியது.

உலகம் நம்மிடம் பேசுமா என்பது நம் கையில் இல்லை. பேசும் நாளில் கேட்கும் தகுதியோடு நாம் இருப்போமா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. எதையும் பேணிக் காக்க முனையும் ஒருவர் இறுதியில் பேணுவது அந்தத் தகுதியைத்தான். அது இருக்கும் வரை இழந்தவை எல்லாம் முற்றும் இழந்தவையாகிவிடுவதில்லை, அது போய்விட்டால் கைவசம் உள்ளவையும் நமக்கு ஊமையாகிவிடும்.